வேட்டைக்குப் போன வெள்ளை வேட்டி

மழைக்குப் பஞ்சமே அறியாத பைம்பொழில் நாட்டை வெகு காலத்துக்கு முன்னே பூபதிராயன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான், ஆனால் கோபம் மூக்கு நுனியிலே குடியிருக்கும். அவருக்கும் வேம்பனூர் இளவரசி உலகநாச்சிக்கும் கல்யாணம் ஆகியிருந்தது. ஆனால் அதற்கு ராஜா போகவில்லை, அவருடைய வாள்தான் போனது. மாப்பிள்ளையின் வாளுக்கு மாலை போட்டுத் தாலி கட்டிக்கொள்வது அந்தக் காலத்து அரச வழக்கம்.

வேம்பனூரிலே இன்னொரு வழக்கமும் உண்டு. மாப்பிள்ளை நேரில் வந்து அந்த ஊர்க் காட்டிலே ஒரு பன்றியை வேட்டையாட வேண்டும். பங்குனித் திருவிழா முடிவதற்குள் வேட்டையாடாவிட்டால் வாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அத்தோடு கல்யாணமும் போச்சு!

"அந்தக் காடு எப்படி இருக்கும்?" என்று ராஜா சபையிலே கேட்டார்.

வாளைக் கொண்டுபோய் வந்தவர் வஸ்திரசாலை அதிகாரி வரகுணர். அமைச்சர் செவ்வந்தியப்பரின் ஆசனத்தின் மேல் அவருக்கு எப்போதுமே ஒரு கண்.

"நான் கண்ணாலே பார்த்தேனே பிரபு! பச்சைப்பசேலென்று நம் காடு மாதிரியேதான். கிளிப்பச்சைப் பட்டிலே இலை இலையாகப் பின்னி உடுப்புத் தைத்து வைத்திருக்கிறேன். போட்டுக்கொண்டு நின்றால் பன்றி வந்து உங்கள் காலிலே முதுகு சொறிந்துகொள்ளும்!"

சபையே சிரித்தது. அமைச்சருக்கு மட்டும் ஒரு சந்தேகம்.

"நீங்கள் போனது எந்த மாதம்?"

"கார்த்திகை. ஏன், மாதா மாதம் காடு சட்டை மாற்றுமோ?"

"மாற்றுமோ என்னவோ, எனக்குத் தெரியவில்லையே" என்றார் அமைச்சர்.

ராஜா முகம் சிவந்தார். "தெரியாதவர் என்ன உடுப்புக் கொடுப்பீர்?"

"ஒரு வெள்ளை வேட்டி, ஒரு வெள்ளைத் துண்டு. போதும் பிரபு."

"வெள்ளையா! பிரபு பன்றி வேட்டைக்குப் போகிறாரா, குளத்தங்கரைக்குக் கொக்காகப் போகிறாரா?" என்றார் வரகுணர்.

ராஜா கையை உயர்த்தினார். "இரண்டையும் மூட்டை கட்டுங்கள். அமைச்சரே, உம் பேச்சைக் கேட்டு நான் பெண்டாட்டி இல்லாமல் திரும்பினால், உம் ஆசனம் வரகுணருக்கு!"

அமைச்சர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாமோ என்று வழியெல்லாம் நொந்துகொண்டார். இருந்தாலும் அந்தக் காடு என்ன நிறமாக இருக்கும் என்ற ஆவல் விடவில்லை. பல்லக்குத் திரையை விலக்கி விலக்கிப் பார்த்துக்கொண்டே போனார்.

வேம்பனூர் எல்லை வந்தது. அடேயப்பா! செக்கச்செவேலென்று மண், கருகின புல், இலை உதிர்ந்த முள்செடி, நடுநடுவே ஆள் உயரக் கறையான் புற்று.

"வரகுணரே, உம்முடைய பச்சை எங்கே?"

"அன்றைக்கு... இருந்தது பிரபு" என்று இழுத்தார் வரகுணர். மழைக்கால முடிவிலே பார்த்தது பங்குனி வெயிலுக்குத் தாங்குமா?

அமைச்சர் வேட்டியையும் துண்டையும் தூக்கிக்கொண்டு பக்கத்துக் குளத்துக்கு ஓடினார். அடியிலே கிடந்த கலங்கல் தண்ணீரிலே முக்கி, மிதித்து, பிழிந்து, கரைப் புழுதியிலே புரட்டிக் காயவைத்தார். வெள்ளை போய் மண் நிறம் ஏறிவிட்டது.

"இதையா நான் உடுத்துவது? மாமனார் வீட்டிலே சிரிப்பார்கள்!"

"மாமனார் பார்க்கட்டும் பிரபு, பன்றிதான் பார்க்கக் கூடாது. வேண்டுமானால் சோதித்துப் பாருங்கள். வரகுணர் பட்டிலே ஒளியட்டும், நான் இதிலே ஒளிகிறேன்."

ராஜா கண்ணை மூடித் திறந்தார். வரகுணர் சுண்ணாம்புச் சுவரிலே ஒட்டின வெற்றிலை மாதிரி ஒரு முள்செடிக்குப் பின்னே பளிச்சென்று நின்றார். அமைச்சரை மட்டும் காணோம். ராஜா தேடினார், கூப்பிட்டார், அதட்டினார். கடைசியில் அலுத்துப்போய் ஒரு புற்றின் மேல் ஈட்டியைச் சாய்த்தார்.

"மெதுவாக பிரபு, விலா எலும்பு!" என்றது புற்று.

ராஜா துள்ளி விழுந்தார். பிறகு கண்ணிலே நீர் வரச் சிரித்தார். அந்த வேட்டியை அவிழ்த்து வாங்கித் தாமே கட்டிக்கொண்டு, துண்டைத் தலையோடு போர்த்திக்கொண்டார். ஜவ்வாதுச் சிமிழை எடுத்தவர் கையை அமைச்சர் பிடித்துக்கொண்டார். "பன்றிக்குக் கண்ணைவிட மூக்கு கூர்மை பிரபு."

மறுநாள் விடியலிலே கிழங்கு தோண்டிக்கொண்டே வந்த கொம்பன் பன்றி ஒன்று ராஜாவைப் பார்க்கவே இல்லை. பார்த்தபோது ஈட்டி பாய்ந்திருந்தது.

மாமனார் அரண்மனை வாசலிலே ராஜா தம் முத்துமாலையைக் கழற்றி அமைச்சர் கழுத்திலே போட்டார். "தெரியாததைத் தெரியாது என்று சொன்னாரே, அதற்குத்தான் இது. வரகுணரே, நீர் அந்தப் பட்டோடு ஊர்வலத்தின் முன்னால் நடவும். பின்னால் வருகிறவர்கள் வழி தவறமாட்டார்கள்!"

வரகுணர் தலையைத் தொங்கப்போட்டார். அமைச்சரின் கண்ணோ உள்வாசலிலேயே இருந்தது. பெண் வர வேண்டுமே!

உலகநாச்சி ஆரத்தித் தட்டோடு வந்தாள். புழுதி படிந்து நின்றவரை ஏற இறங்கப் பார்த்தாள். "இவரா மாப்பிள்ளை?" என்று தோழிகள் வாயைப் பொத்தினார்கள். ராஜாவுக்குக் கூச்சத்தில் காது சிவந்தது.

"இவர்தான்" என்றாள் உலகநாச்சி. "கல்யாணத்துக்கு வாள் மட்டும் வந்தபோது, இந்த ஊர் மண்ணை மிதிக்க மனசில்லாதவர் என்று எனக்கு ஒரே வருத்தம். இப்போது அந்த மண்ணையே மேலெல்லாம் உடுத்திக்கொண்டு வந்திருக்கிறாரே! எங்கே பல்லக்கு? நான் புறப்படுகிறேன்."