ஒன்றரை டன்னும் ஒரு சாக்பீஸ் கோடும்

சுமை தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி, அதுவும் விலை குறைந்த இறக்குமதி என்றால், ஒரே வருடத்தில் படுத்துவிடும் என்று மாதவரம் வட்டாரம் முழுக்க ஒரு நம்பிக்கை நிலவுகிறது. இது பெரும் பிழை. உடனே திருத்தப்பட வேண்டியது. பல வண்டிகள் ஏழாம் மாதமே படுத்துவிடுகின்றன. வேறு சில, ஒன்பது வருடம் ஓடியும் படுக்காமல், தம்மைப் பழித்தவர்களைத் தர்மசங்கடத்தில் ஆழ்த்துகின்றன. எந்த வண்டி எந்த வகை என்று விலைப்பட்டியலில் அச்சிடுவதில்லை.

டைல்ஸ் கோடௌன் வைத்திருந்த வரதராஜுலுவுக்கு ஐம்பத்தாறு வயதில் ஒரு குரு வாய்த்தார், இதனால்தான். குருவுக்கு வயது முப்பத்தெட்டு. பெயர் ஜெயசீலி. லாரி நிறுத்தத்தின் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் ஃபோர்க்லிஃப்ட் பழுது பார்ப்பவர். சில காலம் ஐ.டி.ஐ.யில் பாடம் எடுத்ததால் எல்லோருக்கும் டீச்சர்.

போன வருடம் வரதராஜுலு யாரையும் கேட்காமல் ஒரு மலிவு வண்டி வாங்கினார். ஒருநாள் அது தூக்கிய சுமை தானாகக் கீழே இறங்கியது. சுமைக்கு அடியில் இருந்த பலகையைச் சரிசெய்யக் குனிந்திருந்த ஓட்டுநர் முனிரத்தினத்தின் இடது பாதம் நசுங்கியது. அதன்பின் சனிக்கிழமை தவறாமல் வரதராஜுலு கொட்டகைக்கு வருவார். டீசலில் ஃபில்டர் கழுவுவார். போகும்போது ஒரே ஒரு கேள்வி கேட்பார். பதில் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அடுத்த சனி வருவார்.

இந்தச் சனிக்கிழமை அவர் தனியாக வரவில்லை. ஒரு புது இறக்குமதி வண்டியும் அதை விற்க வந்த பிரகதீஷும் கூட வந்தார்கள். பாதி விலை. அந்த விலையும் நாலு மணி வரைக்கும்தான்.

"டீச்சர், இது நல்ல வண்டியா? திங்கக்கிழமை முனிரத்தினம் மறுபடி வேலைக்கு வர்றான். அவன்தான் ஓட்டப்போறான்."

"என்னை ஏன் கேக்கறீங்க? வண்டியைக் கேளுங்க சார்."

ஜெயசீலி, வரதராஜுலுவின் லாரியில் வந்திருந்த ஒன்றரை டன் டைல்ஸை ஏற்றி, தலைக்கு மேல் தூக்கி நிறுத்தினார். எஞ்சினை அணைத்துச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். சுமையைத் தாங்கும் உள்சட்டம், அதைப் பிடித்திருக்கும் வெளிச்சட்டம், இரண்டின் குறுக்காகவும் சாக்பீஸால் ஒரே கோடு இழுத்தார்.

"உள்ளே சீல் சரியில்லைன்னா, சுமையைத் தூக்கிப் பிடிக்கிற எண்ணெய் கசியும். சுமை தானா இறங்கும். கோடு ரெண்டாப் பிரியும். கால் மணி நேரம் பாருங்க. கிட்ட மட்டும் போயிடாதீங்க."

சொல்லிவிட்டு அடுத்த வண்டியின் அடியில் புகுந்துவிட்டார்.

வரதராஜுலு கோட்டைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி கோட்டைப் பார்த்தார். அது அப்படியே இருந்தது. ஒரு கோட்டை மனிதன் எவ்வளவு நேரம்தான் பார்ப்பான்? விரல்களைச் சொடுக்கினார். ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறினார்.

"இதெல்லாம் பழைய வண்டிக்குப் பண்ற டெஸ்ட் சார்," என்றார் பிரகதீஷ். "இந்தப் பக்கம் வாங்க, சீட்டைப் பாருங்க. உங்க வீட்டு சோபா தோத்துடும்."

"சோபாவுல உக்காந்து டைல்ஸ் தூக்கவா? வாரண்டியைச் சொல்லுங்க."

பிரகதீஷ் பையிலிருந்து வாரண்டி தாளை எடுத்து நிழலில் விரித்தார். வரதராஜுலு கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, ஆயில் சீலுக்கு வாரண்டி உண்டா என்று ஆராய்ந்தார். உண்டு என்றது ஆறாம் விதி. இல்லை என்றது பதினொன்றாம் விதி. இரண்டையும் சமாதானப்படுத்த வெகுநேரம் பிடித்தது. நடுவில் வீட்டிலிருந்து போன் வேறு.

ஜெயசீலி கை துடைத்தபடி வந்தார்.

"இறங்கிச்சா?"

கோடு பிரிந்திருந்தது. இரு பாதிகளுக்கும் நடுவே ஒரு நகக்கனம்.

"கொஞ்சம் இறங்கியிருக்கு டீச்சர்."

"எப்போ? ஆரம்பத்துல கொஞ்சம் இறங்கி நின்னுடுச்சுன்னா பரவாயில்லை. நிக்காம இறங்கிட்டே இருந்துச்சுன்னா தொடவே கூடாது."

வரதராஜுலு வாரண்டி தாளை மடித்தார்.

"அதை... கவனிக்கலை."

"சரி. போன வண்டி எத்தனை நாளா இறங்கிட்டு இருந்துச்சு?"

வரதராஜுலுவுக்குத் தன் ஆபீஸ் வாசலில் முனிரத்தினம் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றது ஞாபகம் வந்தது. 'மொதலாளி, வண்டி லோடை நிறுத்த மாட்டேங்குது.' அப்போதும் அவர் போனில்தான் இருந்தார். பிறகு பார்க்கலாம் என்று கையைக் காட்டியிருந்தார்.

"அவன் சொன்னான்," என்றார் கடைசியில். "ரெண்டு தடவை."

"எங்க வண்டி அப்படியெல்லாம் பண்ணாது மேடம்," என்றார் பிரகதீஷ்.

"பண்ணாம இருக்கலாம்."

"டீச்சர், மணி மூணே முக்கால்." வரதராஜுலு கடிகாரத்தைக் காட்டினார். "பாடமெல்லாம் அடுத்த சனிக்கிழமை கேட்டுக்கறேன். வாங்கலாமா வேணாமா, அதை மட்டும் சொல்லுங்க. இன்னொரு கால் நசுங்கினா நான் தாங்க மாட்டேன்."

ஜெயசீலி பிரிந்த கோட்டை உள்ளங்கையால் அழித்தார்.

"நீங்க கவனிக்கலைன்னா, எதை வாங்கினாலும் முனிரத்தினத்துக்கு எல்லாம் ஒரே வண்டிதான் சார்."

 வரதராஜுலு போனை அணைத்துப் பிரகதீஷின் கையில் கொடுத்தார். ஒரு காலி எண்ணெய் டின்னைக் கவிழ்த்து, வண்டிக்கு எட்டத்தில் போட்டு உட்கார்ந்தார். ஜெயசீலி சுமையை இறக்கி மறுபடி தூக்கி நிறுத்தியதும், சாக்பீஸுக்காக அவரிடம் கையை நீட்டினார்.

புதுக் கோடு முதல் மூன்று நிமிடத்தில் நகக்கனம் விலகியது. அப்புறம் அசையவில்லை. அவர் எழுந்தபோது மணி நாலு பத்து, விலை ஏறியிருந்தது. ஏறிய விலைக்கே வாங்கினார்.

மாதம் முடிவதற்குள் கோடௌனில் ஒரு பெட்டி சாக்பீஸ் தீர்ந்துவிட்டது.