முள்ளியின் முகவரி அட்டை

ஒரு காட்டில், ஆற்றை ஒட்டிய மூங்கில் புதருக்குள் உட்கார்ந்து, முள்ளி என்ற முள்ளம்பன்றி தோல் பை தைத்துக்கொண்டிருந்தது, குழந்தைகளே. வயதாகி இறந்துபோன எருமைகளின் தோலை ஆவாரம்பட்டை ஊறிய நீரில் போட்டுப் பதப்படுத்தும். பிறகு அளந்து, வெட்டி, எல்லாவற்றையும் தன் கையாலேயே தைக்கும். ஊசிக்கு மட்டும் அதற்குப் பஞ்சமே இல்லை. முதுகிலிருந்து ஒன்றை உருவினால் முடிந்தது!

வேலை படு சுத்தம். ஆனால் புதருக்குள் இப்படி ஒரு கடை இருப்பது யாருக்கும் தெரியாது. தைத்த பைகள் எல்லாம் மூங்கிலிலேயே தொங்கின.

"கோடை பிறப்பதற்குள் வாங்க ஆள் வராவிட்டால் கடையை மூடு. என்னோடு கிழங்கு தோண்ட வா" என்று அதன் அண்ணன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. கிழங்கு தோண்டுவது என்றாலே முள்ளிக்கு வேப்பங்காய்.

அப்போதுதான் ஒரு நல்ல சேதி வந்தது. யானைக் கூட்டம் மலைக்கு அப்பால் போகப் போகிறதாம். வழியில் குட்டிகளுக்குத் தண்ணீர் கொண்டுபோகப் பன்னிரண்டு தோல் பைகள் வேண்டுமாம். தைக்க ஆள் தேடி, யானைத் தலைவி கரும்பி ஆற்றுச் சந்தைக்கு வரப்போகிறதாம்.

"சந்தையில் எல்லோருக்கும் ஒரு முகவரி அட்டை கொடுத்துவிட்டால், கடை தேடி வந்துவிடுவார்கள்!" என்று துள்ளியது முள்ளி. உடனே தோகையனிடம் ஓடியது. பாக்கு மட்டையை நறுக்கி, செம்பருத்திச் சாற்றால் எழுதி, அட்டை செய்து தரும் மயில் அது.

"அண்ணே, என் பெயர், நான் செய்யும் பொருள், கடைக்கு வழி. இந்த மூன்றும் இருந்தால் போதும்."

தோகையன் கழுத்தை ஒரு வெட்டு வெட்டியது. "என்ன அம்மணி, மூன்றே வரியா? அட்டையைப் பார்த்தவர்கள் அசந்து போக வேண்டாமா? உங்கள் பெயருக்கு முன்னால் ஒரு பட்டம் போடுவோம். 'கைவண்ணப் பேரரசி'. எப்படி?"

பேரரசி! முள்ளிக்கு முதுகு முள் அத்தனையும் சிலிர்த்துக்கொண்டது. "ஐயோ, எனக்கு எதற்கு அதெல்லாம்..." என்று வாய் சொன்னதே தவிர, முகமெல்லாம் பல்.

"கீழே 'வனம் போற்றும் வித்தகி'. நாலு பக்கமும் பூங்கொடி. நடுவில் மங்களகரமாகத் தோகை விரித்த மயில்!"

"நான் முள்ளம்பன்றி ஆயிற்றே, அண்ணே?"

"முள்ளம்பன்றியைப் போட்டால் பார்க்கிறவர்களுக்குக் குத்தும்!"

எழுதி முடித்ததும் முள்ளி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. "அண்ணே, நான் செய்யும் பொருள்? கடைக்கு வழி?"

"இடமில்லை அம்மணி. கொடியை அழித்தால் உண்டு. அழிக்கவா?"

முள்ளி யோசித்தது. கொடி ரொம்ப அழகாக இருந்தது. "வேண்டாம், இருக்கட்டும்" என்றது. பேரரசிக்கு முகவரி எதற்கு? கேட்டுக்கொண்டு வரட்டுமே!

சந்தையில் அது நூறு அட்டைகளைக் கொடுத்தது. கரும்பியின் தும்பிக்கையிலும் ஒன்றை வைத்தது. ஆனால் வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லை. பேரரசி கூவிக் கூவியா விற்பாள்? தலையை நிமிர்த்திக்கொண்டு அடுத்தவரிடம் போய்விட்டது.

மறுநாள் வாசலைப் பெருக்கிக் காத்திருந்தது. ஒருவரும் வரவில்லை. இரண்டாம் நாளும் ஈ, காக்கை இல்லை. மூன்றாம் நாள் பொறுக்க முடியாமல் வெளியே போய்ப் பார்த்தது.

தோகையனின் மரத்தடியில் திருவிழாக் கூட்டம்! எல்லோர் கையிலும் முள்ளியின் அட்டை.

"பேரரசி வாழ்க! இன்னொரு ஆட்டம்!" என்று கத்தியது ஒரு கரடி. தோகையன் சுற்றிச் சுற்றி ஆடிக்கொண்டிருந்தது.

கூட்டத்தின் ஓரத்தில் கரும்பி கவலையோடு நின்றது. "சந்தையில் பை தைக்கிறவர் ஒருவரும் அகப்படவில்லை. 'கைவண்ணம்' என்று போட்ட இந்த மயில் அட்டையை நம்பி இங்கே வந்தால் ஆட்டம்தான் நடக்கிறது. இனி பக்கத்துக் காட்டுக்குப் போய்த்தான் தைக்கக் கொடுக்க வேண்டும்" என்று நடக்கத் தொடங்கியது.

முள்ளி விழுந்தடித்து ஓடி முன்னால் நின்றது. "அம்மா, நான்தான் தோல் பை தைப்பவள்! இது என்னுடைய அட்டைதான்!"

"நீயா? மயிலிடம் வேலை செய்யும் பெண் என்றல்லவா நினைத்தேன்! இங்கே பேரரசி, வித்தகி என்று என்னென்னவோ இருக்கிறது. பையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே? வழியில் பை கிழிந்தால் என் குட்டிகள் தாகத்தில் வாடிவிடும், தாயி. எதை நம்பி உன்னிடம் கொடுப்பது?"

முள்ளிக்கு வெட்கமாகிவிட்டது. தப்பு மயிலுடையது மட்டுமில்லை என்று அதற்கே தெரியும்.

"கொஞ்ச நேரம் பொறுங்கள், அம்மா. வேறு அட்டை கொண்டுவருகிறேன்."

வீட்டுக்கு ஓடியது. வெட்டி மிஞ்சிய தோல் துண்டு ஒன்றை எடுத்தது. மடித்து, நெருக்கமாக இரட்டைத் தையல் போட்டது. மேலே சூட்டுக்கோலால் மூன்றே வரி எழுதியது: 'முள்ளி. கையால் தைத்த தோல் பை. ஆற்றங்கரை மூங்கில் புதர்.' திரும்பி ஓடிவந்து நீட்டியது.

உள்ளங்கை அளவில் ஒரு குட்டிப் பை!

கரும்பி அதில் தண்ணீர் ஊற்றி, வாயை அழுத்திப் பிடித்துத் தலைகீழாகத் திருப்பியது. தையலில் ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. தும்பிக்கையால் இழுத்தது. நூல் அசையவில்லை. கரடி பிடுங்கிக் கடித்துப் பார்த்தது. பல்தான் வலித்தது.

"இது அட்டையா, சரக்கா?" என்று கேட்டது கரும்பி.

"இரண்டும்தான், அம்மா."

"அப்படியானால் பன்னிரண்டு பெரிய பைகள் தைத்துவிடு. அமாவாசைக்குள் வேண்டும்."

ஆட்டத்தை நிறுத்திவிட்டு வந்த தோகையன் எட்டிப் பார்த்தது. "எல்லாம் சரி. இதில் என் படம் எங்கே?" என்று கேட்டது.

 கரும்பி அந்தக் குட்டிப் பையை ஒரு கொடியில் கோத்துத் தன் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு காடு முழுக்க நடந்தது. எதிரே வந்தவர்கள் எல்லாம் நின்று படித்தார்கள். அன்று மாலையே மூங்கில் புதருக்கு முன்னால் வரிசை நின்றது. முள்ளிக்கு நிமிர்ந்து பார்க்கவும் நேரமில்லை. அதன் அண்ணன் கிழங்குக் கூடையை ஓரமாக வைத்துவிட்டு, நூலுக்கு மெழுகு தடவிக்கொண்டிருந்தது.

நீதி: பட்டம் நூறு சேர்த்தாலும், செய்த வேலையே ஒருவருக்குச் சிறந்த அறிமுகம்.