பூசணிக்கல் பெருத்துவிட்டது!

மலையடிவாரக் காட்டில் ரோசம்மா என்றொரு கரடி இருந்தாள். தன் பலத்தில் அவளுக்கு அப்படியொரு பெருமை. இருக்காதா பின்னே? குளத்தங்கரை ஊற்றை மூடியிருக்கும் பெரிய கல்லை அந்தக் காட்டிலேயே அவள் ஒருத்திதான் தூக்குவாள்.

மழைக்காலத்தில் சேறு இறங்காமல் இருக்க ஊற்றின் வாயைக் கல்லால் மூடிவைப்பது அங்கே வழக்கம். கோடையில் குளம் வற்றத் தொடங்கியதும் கல்லை எடுக்க வேண்டும். எடுப்பவர் சொல்கிற வரிசையில்தான் எல்லோரும் தண்ணீர் குடிக்கலாம். போன கோடையில் எடுத்தவருக்கே முதல் முறை; குளத்தின் கடைசிச் சொட்டு வற்றும் வரை வேறு யாரும் கல்லைத் தொடக் கூடாது. ரோசம்மா கல்லை எடுத்துப் போட்டுவிட்டு, "குட்டிகள் முதலில்! தள்ளினால் பல்லைப் பெயர்ப்பேன்!" என்பாள். அதனால் அங்கே ஒரு குட்டியும் தாகத்தால் அழுததில்லை.

அதற்காகக் காலையில் பயிற்சியும் உண்டு. மாங்காய்க்கல், தேங்காய்க்கல், பூசணிக்கல் என்று கரையில் கற்கள் கிடக்கும். பூசணிக்கல்லைத் தலைக்கு மேல் தூக்கித் தொப்பென்று போட்டால்தான் அவளுக்குப் பொழுது விடிந்த மாதிரி.

ஒருநாள் தேனெடுக்க மரம் ஏறினாள். கிளை மளுக்கென்று ஒடிந்தது. தேனடையோடு கீழே வந்து விழுந்தாள்.

"ஐயோ!" என்று ஓடிவந்தது மயில். "மரத்துக்கு ரொம்ப அடி பட்டுவிட்டதா அக்கா?"

காடே சிரித்தது. ரோசம்மாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கொஞ்சம் இளைக்க வேண்டும் என்று நினைத்தாள். நினைத்தது நியாயம்தான். அதற்கு யோசனை கேட்கப் போனாள் பாருங்கள் ஓர் ஆளிடம், அதுதான் கூத்து! நரி சிங்காரத்திடம் போனாள்.

"கரையான் கூடாது. தேன் கூடாது. இலுப்பைப்பூ பக்கமே போகக் கூடாது" என்றான் சிங்காரம்.

"அப்புறம் என்னத்தைத்தான் தின்பது?"

"பனித்துளி! பசித்தால் கூடவே கொஞ்சம் புல்!"

"நான் கரடியடா, கன்றுக்குட்டி இல்லை!"

"அழகு சும்மா வருமா அம்மா? உங்கள் தேனும் கரையானும் உங்கள் கண்ணிலேயே படாமல் நான் பார்த்துக்கொள்கிறேன். எனக்கு என்ன லாபம்? எல்லாம் உங்களுக்காகத்தான்!"

ரோசம்மா இளைத்தாள். மளமளவென்று இளைத்தாள். குளத்து நீரில் தன்னைப் பார்த்து, இப்படித் திரும்பினாள், அப்படித் திரும்பினாள். அவளுக்கே திருஷ்டி பட்டுவிடும் போலிருந்தது.

"எப்படி இருக்கிறேன்?" என்று காட்டுப்பன்றி மரகதத்திடம் கேட்டாள்.

மரகதம் அவளுடைய சிநேகிதி. குட்டிகளைக் கட்டி மேய்க்கிறவளுக்கு மழுப்பிப் பேச நேரம் ஏது? "மழையில் நனைந்த குருவிக்கூடு மாதிரி இருக்கிறாய்! சாப்பிட்டாயாடி?"

"உனக்குப் பொறாமை!" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள் ரோசம்மா.

ஆனால் ஒரு சங்கடம். பூசணிக்கல் தலைக்கு மேல் போக மறுத்தது. பிறகு மார்போடு நின்றது. அப்புறம் முழங்காலைத் தாண்டவில்லை.

"சிங்காரம், இதென்னடா?"

நரி கல்லைச் சுற்றி வந்தான். தட்டிப் பார்த்தான். நாடி பிடிக்காத குறை. "அம்மா, நீங்கள் இளைக்கிறீர்கள். கல் பெருக்கிறது! மழையில் தண்ணீரைக் குடித்துக் குடித்து ஊதிவிட்டது!"

"அதானே பார்த்தேன்! எனக்காவது பலம் குறைவதாவது!"

உடனே மரகதத்தின் குட்டிகளை அழைத்துக் கல்லில் இருந்த பாசியையெல்லாம் சுரண்டவைத்தாள். கல் இளைக்க வேண்டுமாம்! குட்டிகள் சிரித்துக்கொண்டே சுரண்டின. கல் பளபளவென்று ஆனது. இடத்தை விட்டு அசையவில்லை.

கோடை வந்தது. குளம் வற்றத் தொடங்கியது. எதிர்க்கரையிலிருந்து காட்டெருமை மாடசாமி தன் கூட்டத்தோடு வந்து நின்றான். ரோசம்மா நிமிர்ந்து நடந்து போய் ஊற்றுக்கல்லைக் கட்டிப் பிடித்தாள். தம் கட்டினாள். கால்கள் வெடவெடவென்று நடுங்கின. கல் கம்மென்று கிடந்தது.

"இந்தக் கல்லும் பெருத்துவிட்டது அம்மா!" என்று கத்திக்கொண்டே சிங்காரம் ஓடிவந்தான். எங்கே ஓடினான்? உருண்டான்! வயிறு தரையைத் தேய்த்துக்கொண்டு வந்தது. மீசையில் தேன். கடைவாயில் ஒரு கரையான் இன்னும் நெளிந்தது.

ரோசம்மா கல்லைப் பார்த்தாள். நரியைப் பார்த்தாள். தன் முழங்கையைப் பார்த்தாள்.

"பெருத்தது கல் இல்லையடா, நீ!" என்று உறுமினாள்.

சிங்காரம் வளைக்குப் பாய்ந்தான். தலை நுழைந்தது. வயிறு நுழையவில்லை. மரகதத்தின் குட்டிகள் அவன் வாலைப் பிடித்து ஊஞ்சலாடத் தொடங்கின.

"நகரம்மா, நான் முட்டித் தள்ளுகிறேன்" என்றான் மாடசாமி. "இனி எங்கள் கூட்டம் குடித்த மிச்சம்தான் உங்கள் குட்டிகளுக்கு!"

கல்லின் மேல் பழி போட்டுத் தப்பிக்க ரோசம்மாவுக்கு மனம் வரவில்லை.

"கல் அப்படியேதான் இருக்கிறது. நான்தான் தேய்ந்துபோனேன்" என்றாள் எல்லோருக்கும் கேட்கும்படி. "ஆனால் குளத்தில் இன்னும் தண்ணீர் இருக்கிறது. கடைசிச் சொட்டு வற்றும் வரை முறை என்னுடையது. அதுதான் வழக்கம்!"

"அதுவரை உன் விலா எலும்பை எண்ணிக்கொண்டிரு!" என்று சிரித்தான் மாடசாமி.

ரோசம்மா நேரே தேன்மரத்துக்கு ஓடினாள். மரகதம் குறுக்கே வந்து நின்றாள்.

"எங்கேடி? எல்லாவற்றையும் ஒரேயடியாக விழுங்கி மறுபடி கிளையை ஒடிக்கவா? முதலில் புற்றுக்கு வா!"

கரையானை நிறைவாகத் தின்றாள். தேனை அளவாக நக்கினாள். வெட்கத்தை விட்டு மாங்காய்க்கல்லிலிருந்து ஆரம்பித்தாள். மயில் சிரித்தது, சிரிக்கட்டும் என்று தூக்கினாள். தேங்காய்க்கல் எழுந்தது. குளம் குட்டையானது. பூசணிக்கல் மார்புக்கு வந்தது. குட்டை சேறானது. குட்டிகள் சேற்றை நக்கத் தொடங்கின.

கடைசிச் சொட்டு மின்னிக்கொண்டிருந்த காலையில் ரோசம்மா ஊற்றுக்கல்லைக் கட்டிப் பிடித்தாள். கல் முனகியது. அசைந்தது. எழுந்தது! தொப்பென்று அவள் அதைப் போட்ட அதிர்ச்சியில் மயிலின் தோகை தானாக விரிந்தது. தண்ணீர் குபுகுபுவென்று பொங்கியது.

"குட்டிகள் முதலில்!" என்று முழங்கினாள் ரோசம்மா. மாடசாமி தன் கூட்டத்தோடு வரிசையின் கடைசிக்குப் போனான்.

அன்று மாலை அவள் தேன்மரத்தில் ஏறி உட்கார்ந்தாள். கிளை லேசாக வளைந்தது. ஒடியவில்லை. மேலிருந்து பார்த்தால் காடு முழுக்கத் தண்ணீர் குடித்த வாய்கள். அந்தப் பெருமைக்கு ஈடான அழகை அவள் எந்தக் குளத்திலும் பார்த்ததில்லை.

உடம்பை இளைக்கவைப்பதில் தப்பில்லை. பட்டினி போட்டுப் பலத்தையும் சேர்த்து இளைக்கவைத்துவிட்டு, சுமையின் மேல் பழி போடுவதுதான் முட்டாள்தனம்!