கிரைண்டரைக் கொடுத்து வாங்கிய காசு மிஷின்

பிரமன் அறிவைப் பங்கு வைத்த அன்று கொட்டாரக்குறிச்சி சிகாமணியும் வரிசையில் நின்றவர்தான். வந்தவர் போனவருக்கெல்லாம் மரியாதையாக வழிவிட்டதில் பாத்திரம் காலியாகிவிட்டது. அவருடைய தம்பி தவசியும் மைத்துனன் அம்பலவாணனும், பெரியவர் வாங்காமல் நாம் வாங்குவது முறையில்லை என்று வெறுங்கையோடு திரும்பிவிட்டார்கள்.

அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது சிகாமணியின் மனைவி வடிவால்தான். பெரிய கிரைண்டர் ஒன்றை வைத்து இட்லி மாவு அரைத்துத் தெருவுக்கே விற்றுக்கொண்டிருந்தாள். ஆடித் தபசுத் திருவிழா பார்க்க அக்கா வீட்டுக்குக் கிளம்பியவள், "பத்து நாள்ல வந்துருவேன். கிரைண்டரைப் பத்திரமாப் பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

மறுநாளே கிரைண்டர் போய்விட்டது. பக்கத்து ஊர் ஜெயசீலன் என்பவர், பிட்காயின் என்கிற கம்ப்யூட்டர் காசை வீட்டிலேயே வைத்து எடுக்கிற மிஷின் ஒன்றைத் தள்ளிவிட ஆள் தேடிக்கொண்டிருந்தார். செருப்பு டப்பா அளவுதான் இருக்கும். அதைக் கொடுத்துவிட்டு கிரைண்டரை வேனில் ஏற்றிக்கொண்டு போனார். போகும்போது அவர் சிரித்த சிரிப்பைப் பார்த்து, எவ்வளவு நல்ல மனுஷன் என்று மூவரும் உருகிப்போனார்கள்.

"இது ராப்பகலா நம்பர் யூகிச்சுக்கிட்டே இருக்கும்" என்று அவர் விளக்கியிருந்தார். "உலகம் பூரா லட்சக்கணக்கான மிஷின் இதே வேலையாத்தான் இருக்கு. சரியான நம்பரை எது முதல்ல பிடிக்குதோ அந்த வீட்டுக்குக் காசு."

"வருமானம் உண்டுல்லா?" என்று சிகாமணி கேட்டார்.

"ஓடினா உண்டு" என்றார் ஜெயசீலன்.

சிகாமணியின் கணக்கு சுலபமானது. வடிவு வருவதற்குள் மிஷின் காசு கொட்டும். அதில் இதைவிடப் பெரிய கிரைண்டராக வாங்கி, அதே இடத்தில் வைத்து, அதற்கு ஒரு பூவும் சுற்றிவிடலாம்.

மிஷினை மாட்டியதும் அது ரைஸ் மில் மாதிரி இரைந்தது. தவசி முகம் வெளிறிப் போனான்.

"அண்ணே, நம்பரை இவ்வளவு சத்தமாச் சொல்லுதே. அமெரிக்கா மிஷின் காதுல விழுந்துட்டா?"

"அதானே!" என்று சிகாமணி எழுந்து ஜன்னலையெல்லாம் சாத்தினார். கதவிடுக்கில் போர்வையைத் திணித்தார்கள். மத்தியானத்துக்குள் மிஷின் தோசைக்கல்லாகக் காய்ந்து நின்றுவிட்டது. போன் போட்டால் ஜெயசீலன், "காத்துப் போகணும். ஜன்னலைத் திறந்து வைங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

மூவரும் உட்கார்ந்து யோசித்தார்கள்.

"திறந்தா நம்பர் வெளியே போயிரும் மாப்ளே."

"திறக்கலேன்னா மிஷினே போயிரும் அத்தான்."

"ரெண்டும் போகாம ஒரு வழி இருக்கு" என்றான் தவசி. ஊரில் இப்படி ஒரு வழி யாருக்கும் தோன்றியிருக்காது. ஜன்னலைத் திறந்துவைத்து, வெளியே நின்று எவர்சில்வர் தட்டைத் தட்டுவது. மிஷின் சொல்லும் நம்பர் அந்தச் சத்தத்தில் அமுங்கிவிடும். மூன்று பேரும் முறைவைத்துத் தட்டினார்கள். யார் வீட்டில் சடங்கு என்று நாலு பேர் வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள்.

ஐந்து நாள் ஆயிற்று. மிஷினின் சின்னத் திரையில் வருமானம் என்று இருக்கிற இடத்தில் பூஜ்யம் அசையவே இல்லை. நடுவில் அதற்குள்ளிருந்த விசிறி இரண்டு தரம் மக்கர் செய்தது. வடிவு வர இன்னும் எத்தனை நாள் என்று சிகாமணி விரலை மடக்கி எண்ணினார். வடிவு கத்தினால்கூட அவர் தாங்கிக்கொள்வார். பேசாமல் உட்கார்ந்துவிட்டால்தான் தாங்கமாட்டார். எனக்கே அப்போது அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

ஆறாம் நாள் காலை, தட்டு தட்டிக்கொண்டிருந்த அம்பலவாணன் வாசலிலிருந்து ஓடிவந்தான்.

"அத்தான்! காசு உள்ளே விழல. வெளியே விழுது!"

வாசல் சுவரில் கரண்டு மீட்டர் இருந்தது. அதில் சிவப்பு விளக்கு படபடவென்று சிமிட்ட, நம்பர் ஏறிக்கொண்டிருந்தது. சிகாமணி லேசில் எதையும் நம்புகிறவர் இல்லை. "சோதிச்சுப் பாக்கணும்" என்றார். தவசி உள்ளே போய் மிஷினை நிறுத்தினான். விளக்கு சோம்பிப் போனது. போட்டான். மறுபடி படபடத்தது.

"சந்தேகமே இல்ல. நம்ம மிஷின் யூகிக்குது, இது எண்ணுது."

அன்றைக்கு அந்த வீட்டில் பாயசம் வைத்தார்கள். அதை மின்சார அடுப்பில் வைத்ததால் இன்னொரு உண்மையும் தெரியவந்தது: அடுப்பைப் போட்டால் வருமானம் கூடுகிறது. அதன்பிறகு இஸ்திரிப் பெட்டி, வெந்நீர் ஹீட்டர், தண்ணி மோட்டார் எல்லாம் சம்பாதிக்க ஆரம்பித்தன. நாலு மின்விசிறியும் ஓட, மூவரும் வாசலில் நாற்காலி போட்டு மீட்டரைப் பார்த்தபடி இருந்தார்கள். நம்பர் ஏற ஏற சிகாமணியின் மனசில் கிரைண்டரும் பெரிதாகிக்கொண்டே போனது.

பத்தாம் நாள் வடிவு ஆட்டோவில் வந்து இறங்கவும், மின்சார ஆபீசிலிருந்து ரீடிங் எடுக்கிறவர் வரவும் சரியாக இருந்தது. அவர் மீட்டரைப் பார்த்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு ஒரு தொகையைச் சொன்னார்.

மூவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அதில் இரண்டு கிரைண்டர் வாங்கலாம்.

"எப்போ சார் தருவீங்க?" என்றார் சிகாமணி.

"நாங்க தர்றதா? நீங்கதான்யா கட்டணும்!"

வடிவு உள்ளே போய்ப் பார்த்தாள். கிரைண்டர் இருந்த இடத்தில் செருப்பு டப்பா இரைந்துகொண்டிருந்தது. தன் தம்பி அம்பலவாணனிடம் இரண்டு கேள்வி கேட்டாள். அதற்கப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை. மிஷினைப் பிடுங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு, வந்த ஆட்டோவிலேயே ஜெயசீலன் வீட்டுக்குப் போனாள். அங்கே என்ன நடந்தது என்று தெரியாது. அரை மணி நேரத்தில் ஜெயசீலனே வேனில் கிரைண்டரைக் கொண்டுவந்து, தனியாளாகத் தூக்கி இறக்கிவைத்துவிட்டுப் போனார். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

ஆனால் அதைப் பார்க்க வீட்டில் ஆண்பிள்ளை ஒருவரும் இல்லை. வடிவு பேசாமல் போனதைத் தாங்கமுடியாத சிகாமணி, ஆட்டோ கிளம்பியதுமே வாசலில் அவசரக் கூட்டம் போட்டு, அது முடிந்த கையோடு மற்ற இருவரையும் கூட்டிக்கொண்டு கிளம்பியிருந்தார். கூட்டத்தில் நடந்த பேச்சு இவ்வளவுதான்:

"மிஷின் மேல தப்பே இல்ல. அது சரியாத்தான் சம்பாதிச்சிருக்கு. காசுதான் அவங்களுக்குப் போயிருச்சு."

"ஏன்னா மீட்டர் அவங்களோடது அத்தான்."

"அப்போ நாம மிஷினை வாங்கியிருக்கக் கூடாது அண்ணே" என்றான் தவசி.

வடிவு கிரைண்டரைக் கழுவித் துடைத்து அரிசி போட்ட நேரத்தில், மூவரும் மின்சார ஆபீசில் அதிகாரியின் மேஜை முன்னால் கைகட்டி நின்றார்கள். மேஜைமேல் வடிவின் மிக்சி இருந்தது.

"மூணு ஜாரும் இருக்கு சார், ஒரு கீறல் கிடையாது" என்றார் சிகாமணி பணிவாக. "இதை எடுத்துக்கிட்டு, எங்க பேருக்கு ஓடுற மாதிரி ஒரு மீட்டர் குடுங்க."