மருந்துச் சூடு

மாமனாரின் கால்கள் திடீரென்று பின்னிக்கொண்டன. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்ற இன்பசேகர் அதைப் பார்த்துவிட்டான். போச்சு.

பெரிய உளுந்து வடை மாதிரி நடுவில் ஓட்டை உள்ள ஸ்கேன் மெஷின். அதற்குள் படுத்திருந்தவர் கோதண்டபாணி, நெஞ்சுவலிக்காரர். தொடை வழியாகக் குழாய் விட்டு இதய ரத்தக்குழாயைப் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னதற்கு, செத்தாலும் சாவேன், ஒத்துக்க மாட்டேன் என்றவர். கையில் ஓர் ஊசி, ரத்தக்குழாய் படத்தில் தெரியக் கொஞ்சம் மருந்து, எக்ஸ்ரே, அவ்வளவுதான் என்று கெஞ்சித்தான் மருமகன் கூட்டிவந்திருந்தான். சர்க்கரையால் சிறுநீரகம் வேறு பழுது. அந்த மருந்தை இப்போதைக்கு இன்னொரு தடவை ஏற்ற முடியாது.

மருந்து ஏற்றுவதற்கு முன்னால், இதயத் துடிப்பின் வேகம் குறைய மாத்திரை கொடுத்தார்கள், குறைந்தது. அசையக் கூடாது, சொல்லும்போது மூச்சைப் பிடிக்கணும் என்றாள் மெஷின் பார்க்கும் ஷர்மிளா. அவரும் தலையாட்டினார். பிறகு இன்பசேகரை ஓரமாகக் கூப்பிட்டாள். மிச்சத்தைப் பெரியவரிடம் சொல்ல அவளுக்குக் கூச்சம்.

"மருந்து ஏறினா உடம்பெல்லாம் சூடு பரவும்ணா. படுக்கையிலயே ஒண்ணுக்குப் போயிட்ட மாதிரி இருக்கும். நிஜமா போகாது. பயப்படாம இருக்கச் சொல்லிடுங்க."

சரி என்றான். உள்ளே போனான். கல்யாணமான புதுசு. மாமனார் எதிரே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்ததுகூடக் கிடையாது.

"பயமாருக்கு மாப்பிள்ளை" என்று அவர் அவன் கையைப் பிடித்தார்.

ஒண்ணும் ஆகாது மாமா என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தான்.

மருந்து ஏறியது. கால்கள் பின்னின. பிடித்த மூச்சு பாதியில் உடைந்தது. படம் மொத்தமும் கலங்கல்.

எழுந்தவர் ஈரமில்லாத படுக்கையைத் தடவித் தடவிப் பார்த்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை. வீட்டுக்குப் போகலாம், இனி எந்த ஆஸ்பத்திரியும் வேண்டாம் என்றார்.

சொல்ல வேண்டியதை அடுத்தவன் தலையில் கட்டினாள் ஒருத்தி. வாங்கி முழுங்கினான் ஒருத்தன். அசையாதே என்று சொல்லியும் அசைந்தார் ஒருவர். படம் கெட்டது யாரால்?

விடை: அசைந்தவர்மேல் பழியே இல்லை. மானம் போகிறது என்று நினைத்தால் யாருக்கும் கால் சேரத்தான் செய்யும். ஷர்மிளா தன் வேலையைத் தள்ளிவிட்டாள், தப்புதான். ஆனால் இன்பசேகர் சரி என்ற நொடியிலேயே பொறுப்பு கை மாறிவிட்டது. மரியாதையால் சொல்லவில்லை என்பான். பொய், பயம். சரி, அப்போது சொல்லாமல் விட்டான், போகட்டும். பிறகு டாக்டர் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, அந்தச் சூடு எல்லாருக்கும் வருவதுதான், அவர்மேல் தப்பில்லை, இதை இப்பவே போய்ச் சொல்லுங்க, இல்லாட்டி மனுஷன் திரும்ப வரவே மாட்டார் என்றார். இன்பசேகர் போய் மாமனார் பக்கத்தில் நின்றான்.

"மாமா, ஆட்டோ கூப்பிடட்டுமா?" என்றான்.