நாலாவது உணரியின் முதுகு

"கிளாடிஸ், இந்தத் தடவையாவது ஒட்டி நிக்குமாம்மா?"

கேட்டவர் சௌந்தரபாண்டியன். ஐம்பத்தாறு வயது, இரண்டு முனைவர் பட்டம், அந்தச் சோதனைக்கூடத்துக்கே தலைவர். கிளாடிஸ் அங்கே உணரி ஒட்டுகிறவள். முப்பதுகூட ஆகவில்லை. இருந்தாலும் ஒட்டுவதில் சந்தேகம் என்றால் தலைவரே அவளிடம்தான் வந்தாக வேண்டும், வேறு போக்கில்லை.

ஏழு வருஷம் பாடுபட்டுச் செய்த கார்பன் இழைத் தட்டு. ஆயிரம் டிகிரியில் அது எவ்வளவு நீள்கிறது என்று மயிரிழைக் கம்பி உணரி சொல்ல வேண்டும். சொன்னால்தான் திட்டம் பிழைக்கும். இருந்ததே ஐந்து தட்டு. பிறர் கை படக் கூடாதென்று எல்லாவற்றிலும் அவரேதான் ஒட்டினார். நாலிலும் உணரி சூளையில் கழன்று விழுந்துவிட்டது. மனுஷன் சாப்பிட்டு இரண்டு நாளாகிறது.

"ஒவ்வொரு தடவையும் பீங்கான் பசையைக் கூட்டிக்கிட்டேதான் போனேன். அஞ்சாவதுல நல்லா அப்பியிருக்கேன். இன்னும் பத்து நிமிஷத்துல சூளையில ஏத்திடுவாங்க."

"விழுந்ததைப் பார்த்தீங்களா சார்?"

"அதுல பார்க்க என்ன இருக்கு? இருபது வருஷம் இரும்புல ஒட்டினவன் நான். விழுந்தா பசை பத்தலைன்னு அர்த்தம்."

அவள் ஒரு தகர டப்பாவைத் திறந்தாள். சூளைத் தரையில் பொறுக்கிய நாலு உணரிகளை வெள்ளைத் தாளில் வரிசையாக வைத்தாள்.

"திருப்பிப் பாருங்க."

முதலாவதைத் திருப்பினார். பசையின் முதுகில் நாலைந்து கறுப்பு இழைகள்.

"அழுக்கு," என்றார்.

"அடுத்தது சார்."

இரண்டாவதில் ஒரு கொத்து. மூன்றாவதில் பாதி முதுகு கறுப்பு.

நாலாவதில் பசையின் வெள்ளையே தெரியவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நகத்தால் தடவினார். நெய்த தடம் தட்டுப்பட்டது. அந்த நெசவு அவருக்குத் தெரியாததா?

"இது... என் தட்டோட மேல்தோலும்மா."

"ஆமா சார்."

"அப்போ பசை விடவே இல்லையா?"

"ஒரு தடவைகூட விடலை. சூட்டுல பசை நீள்ற அளவுக்கு உங்க தட்டு நீளாது சார், பசை தடிக்கத் தடிக்கத் தோலைப் பிச்சுக்கிட்டு வருது."

"ஏம்மா முன்னாடியே சொல்லலை?"

"டப்பாவை மூணு தடவை உங்க மேஜையில வச்சேன். ஓரமா நகர்த்திட்டு உட்கார்ந்தீங்க."

நாலையும் வரிசையாக மறுபடி ஒரு தடவை பார்த்தார்.

"அடப்பாவி, நானேதான் உரிச்சிருக்கேன்!"

"அஞ்சாவதுல பூச்சு இன்னும் ஈரமாத்தான் சார் இருக்கும், அதிகப்படியை வழிச்சிடலாம்," என்றாள்.

யாரிடம் சொல்வது? சூளையில ஏத்தாதே, ஏத்தாதே என்று கத்திக்கொண்டே அவர் படியிறங்கி ஓடிக்கொண்டிருந்தார்.