மூன்றில் மட்டும்

தலை நரைத்த பிறகு கணக்குப் படிக்க வந்தவர் ஆவுடையப்பன். அவருடைய மலையடிவாரத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கணக்கு வாத்தியார் யாரும் வருவதாக இல்லை. சரி, நாமே படித்துச் சொல்லிக்கொடுப்போம் என்று கிளம்பிவிட்டார் மனுஷன். அவருக்குக் கற்பித்த செங்கமலம் வயதில் அவருடைய கடைசித் தங்கச்சி மாதிரி. ஆனாலும் 'டீச்சரம்மா' என்றுதான் கூப்பிடுவார்.

அன்றைக்கு உத்தரவு கேட்டு வந்து நின்றார்.

"ஊருக்குப் புறப்படட்டுமா டீச்சரம்மா? பிள்ளைகள் காத்துக் கிடக்கு."

"ஒரே ஒரு கணக்கு, அண்ணாச்சி. அதை முடிங்க, பார்க்கலாம்."

செங்கமலம் கரும்பலகையில் எழுதினார்:

x/(x − 3) − 3/(x − 3)

ஆவுடையப்பனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதுக்கா இவ்வளவு பீடிகை! இரண்டுக்கும் பகுதி ஒன்றுதான். தொகுதிகளைக் கழித்தால் மேலே x − 3. கீழேயும் x − 3. இரண்டையும் அடித்து, பக்கத்தில் 1 என்று எழுதினார்.

"ஒண்ணு."

"x எதுவா இருந்தாலுமா?"

"எதுவா இருந்தா என்ன? பத்தா, ஆயிரமா, கோடியா, போட்டுத்தான் பாருங்களேன்!"

செங்கமலம் சாக்பீஸை அவரிடமே நீட்டினார். "மூணு போடுங்க."

போட்டார். முதல் பின்னத்தின் அடியில் பூஜ்யம் வந்தது. அடுத்ததன் அடியிலும் பூஜ்யம். பூஜ்யத்தால் வகுக்க யாரால் முடியும்? போச்சு, பயணம் போச்சு என்று நினைத்தார்.

விட மனசில்லாமல் 3.1 போட்டார். முதல் பின்னம் 31, அடுத்தது 30. கழித்தால் ஒன்று. 3.01 போட்டார். 301, 300. ஒன்று. 3.001 போட்டார். 3001, 3000. அப்போதும் அதே ஒன்று. மூன்றை நெருங்க நெருங்க இரண்டும் விசுவரூபம் எடுத்தன. வித்தியாசம் மட்டும் அசையவே இல்லை. மறுபடி மூன்றைப் போட்டார். அங்கே விடை என்று ஒன்றும் இல்லை, பூஜ்யம்கூட இல்லை.

"அடேயப்பா!" என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஊர், பயணம் எல்லாம் மறந்துபோயிற்று. உடம்பு சிலிர்த்தது.

வெகுநேரம் கழித்து, தான் எழுதிய 1-ஐ நிமிர்ந்து பார்த்தார். அதில் மூன்றின் சுவடே இல்லை.

"டீச்சரம்மா, இந்த ஒண்ணை மட்டும் பார்க்கிற பிள்ளைக்கு, மூணுல இப்படி ஒரு பள்ளம் இருக்குன்னு எப்படித் தெரியும்?"

"தெரியாது அண்ணாச்சி," என்றார் செங்கமலம். "அதுக்குத்தான் நீங்க ஊருக்குப் போறீங்க."